கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர்

மே மாதம் வேளாங்கண்ணிக்கு வேனில் போனோம்,
பேரணாம்பட்டிலிருந்து பதினேழு பேர்.
ஜன்னல் சீட்டை அடம்பிடித்து வாங்கி
போகும்போது ஒரு ராத்திரி, வரும்போது ஒரு பகல்
பின்னலை அவிழ்த்துக் காற்றுக்குக் கொடுத்துவிட்டேன்.
நடுவில் நான்கு நாள் கடல்.
உப்போடு காய்ந்தது, காய்ந்தபடியே திரும்ப நனைந்தது.

ஊர் வந்து சேர்ந்த அன்று
டிவியில் வேலூர் பெயர் முதலில் வந்தது,
நூற்றியெட்டு டிகிரி.
சீப்பு உச்சியிலிருந்து இறங்கிக் காது வரை வந்தது.
அதற்குக் கீழே வரமாட்டேன் என்றது.

இடுப்புக்கும் கீழே நான்கு விரல் இருக்கும் என் முடி.
நுனியை உருட்டினால் உமி நொறுங்குகிற சத்தம்.
தலையைத் திருப்பினால் அது திரும்பாது,
வேறு யாருடையதோ போல முதுகிலேயே நிற்கும்.

பக்கத்து போர்ஷன் நபீசா முட்டை என்றாள்.
ஷூ கம்பெனியில் எனக்கு எதிர் மெஷின் கிரேசி
தயிர் என்றாள், புளித்தது.
முட்டையைப் பூசி வெந்நீர் ஊற்றினேன்.
தலையிலேயே வெந்துவிட்டது.
இரண்டு நாள் நான் நடந்த இடமெல்லாம் ஆம்லெட் கடை.

ஏசடியான் சிரிக்கவில்லை.
தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை அவருக்கு.
ஆட்டுத்தோலிலிருந்து முடியை எடுப்பது.
பதினோரு வருஷமாகக்
கருப்பு, செவலை, புள்ளி என்று பார்க்காமல்
மழித்து, மூலையில் சாக்கில் திணிக்கிற கை.

"எண்ணெ வச்சிகினே கீறியே, அது எங்க போவும்?
காஞ்ச தோலு எண்ணெ குடிக்காது.
மொதல்ல தண்ணி காட்டணும், ஊறணும்.
இளகி வர சொல்ல கொஞ்சமா எண்ணெ.
சூடு காட்டின, சுருண்டுடும்."

நான் என்ன தோலா என்றேன்.

"முடியப் பத்தி வேற இன்னா தெரியும் எனக்கு?
எடுக்கத்தான தெரியும்."

எங்கள் தெரு போர் தண்ணீர்
பக்கெட்டில் வெள்ளையாகப் படியும்.
அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது.
ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும்
முப்பத்தைந்து ரூபாய் கேனைக்
குளியலறைக்குள் உருட்டிவிட்டார்.
குடிக்கிற தண்ணியிலயா என்று எனக்கே கூச்சம்.
கதவைச் சாத்திக்கொண்டேன், நபீசா பார்க்காமல்.

செம்பருத்தி இலை கசக்கிய வழவழப்பு.
பிறகு சொம்பு சொம்பாக, எண்ணி எண்ணி, கேன் தண்ணீர்.
டவலால் முறுக்காமல் அவருடைய கிழிந்த பனியனில் சுற்றி
ஈரம் இருக்கும்போதே தேங்காயெண்ணெய்,
உள்ளங்கையில் ஒரு ரூபாய்க் காசு அளவு,
காதுக்குக் கீழே மட்டும்.
ஆறு ஞாயிறு. ஆறு கேன்.
நடுவில் ஒரு வாரம் கேன்காரன் வரவில்லை,
சோறு வடிக்க வைத்திருந்ததில் பாதியை எடுத்துக்கொண்டேன்.

மேல்பாதி திரும்பி வந்துவிட்டது.
நுனி வரவில்லை.
ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது.

கத்தரிக்கோலை அவரிடம் நீட்டினேன்.
ஆறு விரல் வெட்டுங்கள் என்றேன்.
முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.
கத்தரி திறக்கும் சத்தம் கேட்டது.
மூடும் சத்தம் கேட்கவில்லை.
குல்ஃபி வண்டி மணியடித்துக்கொண்டு போய்
தெருமுனையில் திரும்பியது.

"கை வழுக்குது" என்றார்.
எண்ணெய் வைக்காத நாள் அது.

நபீசாதான் வெட்டினாள், கொஞ்சம் கோணலாக,
பேச்சை நிறுத்தாமலேயே.

தரையில் விழுந்ததை அவர் கூட்டி அள்ளினார்.
முறத்தைப் பிடித்துக்கொண்டு
வாசலுக்கும் குப்பைக்கூடைக்கும் நடுவில் நின்றார்.
ஷாப்பில் இதற்கென்று ஒரு மூலை உண்டு, சாக்கு உண்டு.
வீட்டில் எங்கே போடுவதென்று
அவருக்குத் தெரியவில்லை.

என்ன நிற்கிறீர்கள் என்று திரும்பினேன்.
முடியும் கூடவே திரும்பியது.